முன்பக்கத்து நான்கு தாள்கள்

அந்த மனிதரைக் காண்பதற்கு முன்பே அவருடைய கதவை எனக்குத் தெரியும்.

மழை நாள். தர்மபுரத்தில் ஓர் ஒடுங்கிய தெரு, ஒழுங்கை. சண்டைக்குப் பயந்து மல்லாவியில் எழும்பி, கிளிநொச்சியில் கொஞ்ச நாள் இருந்து, அங்கிருந்தும் எழும்பிக் கிழக்கே போய்க்கொண்டிருந்த சனத்தோடு நாங்களும். அம்மா, தங்கை, தங்கையின் இரண்டு மாதக் குழந்தை, நான். வழியெல்லாம் பூட்டிய வீடுகள். கூரை ஓடுகளையும் தகரத்தையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனவர்கள்கூட, வானம் பார்த்து நின்ற சுவர்களுக்கு நடுவே கதவைப் பூட்டிவிட்டே போயிருந்தார்கள். அதைப் பார்த்துச் சிரிக்க எங்களுக்கு உரிமையில்லை. மல்லாவி வீட்டைப் பூட்டிய திறப்பு அம்மாவின் கழுத்தில் தாலிக்கொடியோடு சேர்ந்து கிடந்தது.

அந்த ஒரு வீடு மட்டும் திறந்திருந்தது. யாரும் உடைத்துத் திறந்ததல்ல. பூட்டுக் கொண்டி இருக்கவேண்டிய இடத்தில் நான்கு ஆணித் துளைகள்தான் இருந்தன. கதவில் நீலப் பெயின்றால் எழுதியிருந்தது: ‘பூட்டு இல்லை. உள்ளே வாருங்கள். போகும்போது எழுதிவிட்டுப் போங்கள்.’

கூரை இருந்தது. மூடிய பானையில் தண்ணீர் இருந்தது. மேசைமேல் இரண்டு தகர டப்பாக்கள். ஒன்றில் அரிசியும் உப்பும். மற்றதில் பொலித்தீனில் சுற்றிய நெருப்புப் பெட்டி. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி, பென்சில். மூலையில் விறகு அடுக்கிவைத்த அடையாளமும் பட்டைத் தூளும் மட்டும் மிச்சம். எங்களுக்கு முன்னே வந்தவர்கள் எரித்து முடித்திருந்தார்கள்.

குழந்தை அழுது அழுது குரல் கம்மிப்போய்க் கிடந்தது. தங்கையிடம் பால் வற்றி மூன்று நாள். பால்மா கொஞ்சம் இருந்தது, கரைக்கச் சுடுதண்ணீர் வேண்டும். முற்றத்திலிருந்து பொறுக்கிய சுள்ளி ஈரம். ஐந்து குச்சி அணைந்தது. ஆறாவதைக் கையில் வைத்துக்கொண்டு கொப்பியைப் பார்த்தேன். முன்னால் பலபேருடைய எழுத்து. பின்னால் வெள்ளைத் தாள். எழுதாத தாள்தானே என்று பின்னாலிருந்து நான்கைக் கிழித்தேன். அடுப்புப் பிடித்தது.

குழந்தை குடித்துத் தூங்கிய பிறகு எழுதினேன்: ‘மல்லாவியிலிருந்து நால்வர். ஒரு கைக்குழந்தை. மழை. பால் காய்ச்சினோம். கிழக்கே போகிறோம். நன்றி.’ மூடும்போதுதான் கண்டேன். கொப்பியின் முதல் நான்கு தாள்களும் என் கையோடு வழுகி வந்தன. நடுவில் நூல் போட்டுத் தைத்த கொப்பி. பின்னால் ஒரு தாளைப் பிடுங்கினால் முன்னால் அதன் மறுபாதி பிடிப்பில்லாமல் போய்விடும். இரண்டு பக்கமும் எழுத்து நிறைந்த தாள்கள். மட்டைக்குள் திணித்து அழுத்தினேன். அதற்குள் பக்கத்து வயலில் செல் ஒன்று விழுந்து வெடித்தது. அம்மா குழந்தையைத் தூக்கினா. ஓடினோம். கதவால் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அந்தத் தாள்களில் ஒரு வரிகூட நான் வாசிக்கவில்லை.

*

எல்லாம் முடிந்து, முகாமும் முடிந்து, சில வருடங்களில் எனக்கு ஆசிரியர் நியமனம் தர்மபுரத்திலேயே கிடைத்தது. வாடகை வீட்டுக் கிணற்று மோட்டர் இழுக்கவில்லை. “ஐஸ்பழக்காரரிட்டைக் குடுங்கோ, ஒரு நாளிலை திருத்தித் தருவார்” என்றார்கள். ஐஸ்பழம் விற்பவருக்கு மோட்டரில் என்ன வேலை என்று கேட்டேன். சிரித்தார்கள்.

மோட்டரைச் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு போனவள் அந்த ஒழுங்கையில் திரும்பியதும் நின்றுவிட்டேன். வீடு இல்லை. பாதிச் சுவரும் நிலையும் இருந்தன. நிலையில் கதவு. கதவில் வெயில் தின்ற நீல எழுத்து. அதற்குப் பின்னால் வீட்டுத் திட்டத்தில் கிடைத்த புது வீடு. அந்தக் கதவிலும் நான்கு துளை.

கிறீஸ் படிந்த கையோடு எழும்பி வந்தார். மெலிந்த, நெடிய மனிதர். “வாங்கோ தங்கச்சி. உள்ளுக்கு வாங்கோ. கதவு திறந்துதான் கிடக்கு” என்றார். அதன் பிறகு எத்தனை நூறு தடவை போனேனோ, அத்தனை தடவையும் அதே மூன்று வசனம்.

குசினி அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “ஓம், திறந்துதான் கிடக்கு. நேற்றுப் பாம்பொண்டும் வந்திட்டுப் போனது. அதிட்டையும் கையெழுத்து வாங்கினவரோ எண்டு கேளுங்கோ.”

புது வீட்டைப் பொறுப்புக் கொடுக்க வந்த உத்தியோகத்தர் பூட்டும் இரண்டு திறப்பும் கொடுத்துக் கையெழுத்து வாங்கினாராம். அவர் மோட்டார் சைக்கிள் ஒழுங்கை திரும்புவதற்குள் இவர் கொண்டியைக் கழற்றிவிட்டார். கொண்டி இப்போது கோழிக்கூட்டில். “கோழிக்குக் கள்ளன் வருவான், எங்களுக்கு வரமாட்டானாக்கும்” என்பது மனைவியின் வழக்கமான முறைப்பாடு.

*

ஐஸ்பழக்காரர் என்ற பட்டத்துக்குக் காரணமான பனி அவருக்குள் எப்படி வந்தது என்பதைத் துண்டு துண்டாகத்தான் அறிந்தேன். இளவயதில் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. அந்தக் கப்பல் ஒருமுறை உலகத்தின் அடியில் பனிக்கட்டிமேல் இருந்த ஆராய்ச்சி நிலையமொன்றுக்கு எண்ணெயும் சாப்பாடும் கொண்டுபோனது. அங்கே ஜெனரேற்றர் பார்த்தவருக்குக் கால் முறிவு. கடல் உறையப்போகிறது, கப்பல் நிற்க முடியாது. யார் இருப்பீர்கள் என்று கேட்டார்கள். இவர் கையைத் தூக்கினார். ஒரு குளிர்காலம் முழுக்க, மாதக்கணக்கில் சூரியன் எழும்பாத இடத்தில், ஆராய்ச்சிக்காரர் பன்னிரண்டு பேரோடு வன்னியாள் ஒருவர். அங்கிருந்து கொண்டுவந்த கம்பளித் தொப்பியைப் பிடித்துத்தான் அவர் மனைவி சோற்றுப்பானை இறக்குவது.

காற்றழுத்தம், வானத்து ஒளி, பனியின் வயசு, அவர்கள் அளந்ததெல்லாம் அவருக்கு விளங்கவில்லை. நிலையத்தின் கதை விளங்கியது. அதை மட்டும் வாழ்நாள் முழுக்கச் சொன்னார்.

“இப்ப நிக்கிறது முதல் வீடில்லை, தங்கச்சி. முதல் வீடு பலகை வீடு. எட்டுப்பேர் வந்து கட்டினவை. அங்கை விழுற பனி உருகாது. விழுந்தது விழுந்தபடி. வருசத்துக்கு வருசம் ஏறி, கடைசியிலை புகைபோக்கி மட்டும்தான் வெளியிலை. ஏணி வைச்சு வீட்டுக்குள்ளை இறங்குவினம். பிறகு பாரத்திலை கூரை வளை முறியத் துவங்க, அதுக்கு மேலேயே ரெண்டாம் வீடு. அதுவும் பனிக்குள்ளை தாண்டு போச்சு. நான் போகேக்கை மூண்டாவது. கால் வைச்ச வீடு. வருசம் ஒருக்கா ஜாக்கி போட்டு உயர்த்துவம்.”

“கீழை இருக்கிற முதல் வீடு என்ன ஆச்சு அண்ணை?”

“இருக்குது. கோப்பையள் அடுக்கினபடி, கதிரையள் மேசையோடை சேர்த்துவைச்சபடி. விட்டிட்டு வரேக்கை கூட்டித் துடைச்சுப்போட்டுத்தான் வந்தவையாம். கதவு சாத்தேல்லை.”

இன்னொரு நாள் மோட்டர் ஒன்றின் வயிற்றைத் திறந்துவைத்துக்கொண்டு சொன்னார். “அது நிக்கிறது நிலத்திலை இல்லை. கடலுக்கு மேலை படுத்திருக்கிற பனி. நாளுக்கு நாள் கடல்பக்கம் நகரும். நாங்கள் நித்திரை கொள்ள, வீடு எங்களைக் கொண்டு போகும். ஒருநாளைக்கு விளிம்பிலை முறிஞ்சு மிதந்து போகும். எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் அடுத்த வீட்டைக் கட்டுறது.”

மனைவி அரிசி புடைப்பதை நிறுத்தாமல் சொன்னா: “அவைக்கு வீடு காவிக்கொண்டு போனது. நாங்கள்தான் வீட்டைக் காவிக்கொண்டு திரிஞ்சம்.”

அவர் சிரிக்கவில்லை.

பூட்டைப் பற்றிய கதையை ஒரேயொருமுறை சொன்னார். நிலையத்திலிருந்து கொஞ்சத் தூரத்தில் கருவிகள் வைத்த சின்னக் கொட்டில். காற்றில் கதவு அடிக்கிறதென்று யாரோ ஒரு பூட்டுப் போட்டிருந்தார்கள். இவருடைய காலத்துக்கு முந்திய சங்கதி. ஒருநாள் அளவு பார்க்கப் போன ஒருவர் திரும்பும்போது பனிப்புயல் பிடித்துவிட்டது. நீட்டின கை தெரியாத வெள்ளை. தட்டித் தடவி அந்தக் கொட்டிலைக் கண்டுபிடித்துவிட்டார். புயல் விட்டபின் போய்ப் பார்த்தால், கதவில் கையை வைத்தபடி உறைந்திருந்தாராம்.

“திறப்பு நிலையத்துச் சுவரிலை, ஆணியிலை தொங்கினது” என்றார். “அண்டைக்கே எல்லாக் கொண்டியையும் கழட்டிப்போட்டினம். கழட்டின ஆணியளை ஒரு டப்பாவிலை போட்டு வைச்சிருக்கினம். புதுசா ஆர் வந்தாலும் முதல் நாள் அந்த டப்பாவைக் கையிலை குடுப்பினம். ஒரு கதையும் சொல்லமாட்டினம். டப்பாவை ஒருக்கா ஆட்டிப் பாத்திட்டுத் திருப்பிக் குடுக்கவேணும். அவ்வளவுதான்.”

எழும்பிப் போய் அலுமாரிக்குள்ளிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். ஆட்டிப் பார்த்தேன். எட்டு ஆணிகள். இரண்டு வீட்டின் கதவுகள்.

*

கதவின் காரணம் பனி மட்டுமல்ல.

ஒரே மகன். பள்ளிக்கூடத்தால் வந்துகொண்டிருந்த பிள்ளையை வழியில் வைத்தே சண்டைக்கென்று கூட்டிக்கொண்டு போனார்கள். கூட்டிக்கொண்டு போனவர்களும் பிறகு இல்லை. யாரிடம் போய்க் கேட்பது? ஏழு மாதம் கழித்து மனைவியின் காலில் செல் துண்டு பட்டு, அவவை உழவு இயந்திரத்தில் ஏற்றவேண்டி வந்தபோது, அவ ஏற மறுத்துவிட்டா. “பிள்ளை தப்பி வந்தால் இஞ்சைதானே வரும். பூட்டிக்கிடந்தா எங்கை எண்டு தேடும்?” அதற்குப் பிறகுதான் அவர் கொண்டியைக் கழற்றினார். பெயின்ற் டப்பாவைத் தேடினார். மகனின் பையிலிருந்து எழுதாத கொப்பியொன்றை எடுத்து மேசையில் வைத்தார். மற்றவர்களுக்கும்தான் அந்தக் கதவு. முதலில் அந்த ஒருவனுக்கு.

திரும்பி வந்தபோது கூரையில்லை, சுவரில் பாதியில்லை. ஆனால் கடைசியாக வந்துபோன யாரோ ஒரு நல்ல மனிதர் கொப்பியை அரிசி டப்பாவுக்குள் போட்டு இறுக மூடிவிட்டுப் போயிருந்தார். மூன்று மழைக்கு நனையாமல் கிடந்தது. எழுபதுக்கு மேற்பட்ட குடும்பங்களின் பெயர். எங்கிருந்து, எங்கே, எத்தனைபேர்.

முதல் நான்கு தாள்கள் மட்டும் இல்லை. அவர்கள் புறப்பட்டதற்குப் பிந்திய முதல் நாட்கள். மகன் வந்திருந்தால் அந்த நாட்களில்தான் வந்திருப்பான்.

இதை அவர் மனைவி எனக்குச் சொன்னபோது தேத்தண்ணிக் கோப்பை என் கையில் இருந்தது. கோப்பையை நிலத்தில் வைத்தேன். சொல்லியிருக்கலாம். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். “காத்துக் கொண்டுபோயிருக்கும் அக்கா” என்றேன்.

*

கொப்பியைப் பற்றிக் காதுவழி கேள்விப்பட்டுச் சனம் வரத்தொடங்கியது. காணாமற்போன தங்கள் பிள்ளையின், புருசனின் எழுத்து இருக்கிறதா என்று பார்க்க. எந்த நேரம் வந்தாலும் எழும்பிக் கைகழுவி, மேசைத் துணியை உதறி விரித்து, கொப்பியை வைப்பார். அவர்கள் தேடும்வரை முற்றத்தில் போய் நிற்பார். மற்றவன் பிள்ளையின் எழுத்தைக் காட்டிக்கொடுக்கும் வீட்டில் தன் பிள்ளையின் எழுத்து இல்லை என்பதைப் பற்றி ஒரு சொல் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஒரு தாய் வந்தா. கழுத்தில் செபமாலை. மூன்றாம் முறை புரட்டும்போது விரல் ஓரிடத்தில் நின்றது. “இது அவன்... இது அவன்ரை ‘ர’. இப்பிடித்தான் வாலை இழுப்பான்.” பக்கத்தில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தா. பிறகு அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

“ஐயா, இதை மட்டும் எனக்குக் கிழிச்சுத் தாங்கோ. மாதாவுக்கு முன்னாலை வைக்கிறன். உங்களுக்குக் கோடி புண்ணியம்.”

அவர் அவவுக்குப் பக்கத்தில் குந்தினார். “அம்மா, போனிலை படம் எடுங்கோ. எத்தினை வேணுமெண்டாலும் எடுங்கோ. எப்ப வந்து பாக்கவேணுமெண்டாலும் வாங்கோ, கதவு திறந்துதான் கிடக்கும். கிழிக்க மட்டும் கேக்காதேங்கோ. தைச்ச கொப்பி. ஒரு பக்கம் கிழிச்சா மற்றப்பக்கம் கழண்டுபோகும். அது இன்னொரு தாயின்ரை.”

நான் கதவோரம் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்க்கவே இல்லை. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டு வாய்க்கால் கரையில் வெகுநேரம் இருந்தேன்.

*

போன வருடம் தங்கையின் மகள் பரீட்சை எழுதிவிட்டு விடுமுறைக்கு என்னிடம் வந்தாள். என்னைவிட உயரம். வாய்க்கு ஓய்வில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவுகட்டித்தான் போனேன். தனியே போனால் வழக்கம்போலத் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று தெரியும்.

“வாங்கோ. உள்ளுக்கு வாங்கோ. கதவு திறந்துதான் கிடக்கு.”

“பெரியம்மா, இந்தத் தாத்தாவோ ஐஸிலை இருந்தவர்? தாத்தா, அங்கை பென்குவின் பாத்தனீங்களோ?”

“பாத்தன். எல்லாம் உன்னைப்போலதான். நிண்ட இடத்திலை நிக்காது, ஓயாமல் கதை.” மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. அந்த வீட்டில் அப்படியொரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

பிறகு அவர் அவளுடைய வயதைக் கேட்டார். சொன்னாள். விரலை மடக்கவில்லை, யோசிக்கவுமில்லை. எழும்பிப் போய் கொப்பியை எடுத்துவந்தார். தேடாமல் திறந்தார். என் எழுத்து.

“‘ஒரு கைக்குழந்தை. மழை. பால் காய்ச்சினோம்.’ அது இந்தப் பிள்ளையோ?”

“ஓம் அண்ணை. அண்ணை... அந்தத் தாளுகள்... நான்தான். பின்னாலைதான் கிழிச்சனான். அடுப்பு மூட்ட.”

“தெரியும்” என்றார். “பின்னுக்கு நாலு இல்லை, முன்னுக்கு நாலு இல்லை. மழையிலை பால் காய்ச்சினது எண்டு எழுதியிருக்கிறது நீங்கள் ஒரு ஆள்தான். மோட்டரோடை வந்து ரெண்டாம் நாள் துண்டொண்டு எழுதி வைச்சிட்டுப் போனியள். எழுத்தைப் பாத்த உடனை விளங்கீற்றுது.”

பன்னிரண்டு வருடம். “ஏனண்ணை ஒரு வார்த்தை கேக்கேல்லை?”

“கேட்டா வராமல் விட்டிடுவியள்.”

குசினியில் சத்தம் நின்றிருந்தது. மனைவி வாசலில் வந்து நின்றா. அவர் கொப்பியை மூடி, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். இத்தனை வருடம் கேட்காத கேள்வி அப்போதுதான் வந்தது. அவருடைய குரலாக இல்லை.

“அந்த நாலு தாளிலை... இடப்பக்கம் சாஞ்ச எழுத்து ஏதும் கண்டனீங்களோ? பிள்ளை இடக்கைக்காரன்.”

ஓம் என்று சொல்ல ஒரு சொல் போதும். இரண்டுபேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓம் என்றால் பிள்ளை வந்திருக்கிறான், வெறும் வீட்டைக் கண்டிருக்கிறான், எங்கே போகிறேன் என்று எழுதியிருக்கிறான், அதை நான் கழற்றிக் காற்றுக்குக் கொடுத்திருக்கிறேன். இல்லை என்றால் பிள்ளை வரவேயில்லை.

“நான் வாசிக்கேல்லை அண்ணை. ஒரு வரியும் வாசிக்கேல்லை.”

வெளியே கோழியொன்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

“அப்ப இருந்திருக்கலாம்” என்றார்.

மனைவி கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. அவர் எழும்பி என் தங்கை மகளின் தலையில் கையை வைத்தார். “நல்லா வளந்திட்டா” என்றார், யாருக்கோ அறிவிப்பதைப்போல.

*

இந்த மாரியில் அவர் போய்விட்டார். மோட்டர்க் கொட்டிலில் கதிரையில் இருந்தபடியே. முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த மறுநாள் போனேன். கதவு திறந்துதான் கிடந்தது. அந்த மூன்று வசனத்தைச் சொல்லத்தான் ஆளில்லை. வாசலில் நின்றேன், கால் உள்ளே போகவில்லை.

“ஏன் நிக்கிறியள், வாங்கோ” என்றா அவர் மனைவி. “பூட்டொண்டு வாங்குவம் எண்டு தம்பியாக்கள் சொல்லினம். தனிய இருக்கிறன்தானே. நானும் ஓமெண்டு சொன்னனான். பிறகு யோசிச்சன், கொண்டி பூட்டுறதெண்டா கோழிக்கூட்டிலை இருந்தெல்லோ கழட்டவேணும். கோழி பாவம்.”

சிரிக்கத் தொடங்கியவ சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா. பிறகு மேசையைக் காட்டினா. “அதை ஒருக்காப் பாருங்கோ.”

கொப்பி. மட்டையைத் திறந்தேன். முன்னால் நான்கு வெள்ளைத் தாள்கள். அளவு பார்த்து, ஓரம் வெட்டி, பழைய துளைகளுக்குள்ளாலேயே நூல் விட்டுத் தைத்திருந்தார். பின்னாலும் நான்கு. ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள.

“நீங்கள் வந்து சொல்லிப்போட்டுப் போன கிழமை தைச்சவர். கண்ணும் தெரியாமல், ரெண்டு நாள் இருந்து. இதிலை நீங்களாவது ரெண்டு வரி எழுதுங்கோவன் எண்டு கேட்டனான்.” அவ வெளியே பார்த்தா. “‘அது என்ரை பக்கமில்லை’ எண்டவர்.”

ஒழுங்கையின் அந்தப் பக்கத்தில் மழை பிடித்துக்கொண்டு வந்தது. கொப்பியைக் கதவைப் பார்க்க வைத்தேன். பென்சில் முனை மழுங்கியிருந்தது. சீவிப் பக்கத்தில் வைத்தேன்.